கழலாத கொக்கி

அத்தியாயம் 6

முபஷிரின் வலது கையில் ஐந்து விரல்கள் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே விரலாகிவிட்டிருந்தன.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கிய பத்தாவது நிமிடத்தில் அவனே தேடிக்கொண்ட வினை அது. சுளையாக எடுத்து விற்கிறவர்களிடம் வாங்கித் தின்றிருந்தால் வம்பே இல்லை. ஆசை யாரை விட்டது? முழுப் பலா ஒன்றை வாங்கி, வெறுங்கையால் பிளந்து, மூக்கு முட்டத் தின்றுவிட்டுத்தான் கையைப் பார்த்தான். அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்காரன். பலாவைத் தின்னத் தெரிந்த அளவுக்கு அறுக்கத் தெரியாது. வயது முப்பத்தாறு, எடை தொண்ணூற்றாறு கிலோ.

"மேடம், சோப்புப் போட்டு நாலு தடவை கழுவிட்டேன். பால் போகவே மாட்டேங்குது. இனிமே யாருக்குக் கை குடுத்தாலும் அவங்க என்கூடவே ஊருக்கு வந்துட வேண்டியதுதான்."

"நல்லதாப் போச்சு முபா. குற்றவாளிக்கு முதல்ல கை குடு" என்றாள் ஜெசிந்தா.

சேலத்தில் பதினாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட லாரிகளைப் பார்வையிட்டவள் அவள். லாரிகள் பொய் சொல்வதில்லை, டிரைவர்கள்தான் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தபின் வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டாள். முபஷிர் அவளுடைய உதவியாளன். உதவியைவிட வாய்தான் அதிகம்.

அவர்களை அழைத்துப் போக வந்து நின்ற அம்சவேணி அந்தக் கையைப் பார்த்ததும், இரண்டு நாளாகச் சிரிக்காத முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

"ஏனுங்க சாமி, எண்ணெய் தொடாம யாராச்சும் பழத்துல கை வெப்பாங்களா? தண்ணி பட்டா இன்னும் கெட்டியாப் புடிச்சுக்குமுங்க. எண்ணெய்க்குத்தான் வுடும்."

பழம் விற்கிறவள் பையில் கத்தியும் எண்ணெய்ப் புட்டியும் இல்லாமல் இருக்குமா? தேங்காயெண்ணெயை அவன் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துவிட்டாள். கறுத்த பிசின் திரிதிரியாகக் கழன்று விழுந்தது. "எங்கூர்ல நடை பழகற கொழந்தைக்கும் இது தெரியுமுங்க" என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். வந்த சிரிப்பு போய்விட்டது.

அவளுடைய கணவன் வேல்முருகன் நேற்று மத்தியானத்திலிருந்து ஸ்டேஷனில் இருந்தான். ஒரு வாலிபனைக் கொல்லப் பார்த்ததாகப் பழி.

ஜீப்பில் போகும்போதே ஜெசிந்தா விஷயத்தைக் கேட்டு வாங்கினாள். வளப்பூர் நாட்டுப் பக்கம் மலை முகட்டில் ஒரு புல்வெளி. அதை சுமித்ரா என்ற கோயம்புத்தூர்ப் பெண்மணி வாடகைக்கு எடுத்து, 'பவர் கைட்' விளையாட்டுக்குச் சோதனை ஓட்டம் நடத்திக்கொண்டிருந்தாள். மொட்டைமாடியில் விடுகிற பட்டமல்ல. ஒரு அறை அகலத்துக்குத் துணிப் பட்டம். அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு, தரையோடு தரையாக இருக்கும் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்தால் காற்றே இழுத்துக்கொண்டு ஓடும். சக்கரம் வைத்த பலகையில் காலை மாட்டி நின்றபடியும் ஓடலாம். நேற்றுக் காலை ராசிபுரத்து பிலால் வண்டியில் ஓடியபோது, ஆபத்துக்குக் கழற்றும் கொக்கி கழலவில்லை. பட்டம் அவனைப் பாறை வரைக்கும் இழுத்துப் போட்டது. இடுப்பெலும்பு முறிந்து நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கொக்கிக்குள் இருந்தது பலாப்பால்.

"மாடு மேயற எடம்னு எங்கூட்டுக்காரரு மொதல்ல சண்டை போட்டது நெசந்தானுங்க. அப்பறம் சமாதானமாயி, மொந்தாநேத்துப் பொழுதோட அவரே ரெண்டு பழம் கொண்டுபோயி அறுத்துக் குடுத்துட்டு வந்தாரு. அந்தப் பழந்தான் இப்ப எமனா நிக்குது" என்றாள் அம்சவேணி.

"அவரை இன்னும் கீழே கொண்டு போகலையா?"

"நீங்க வந்த பஸ்ஸுக்குப் பின்னாலயே வளைவுல மரம் வுழுந்திருச்சுங்களே. முள்ளுக்குறிச்சி ரோட்டுலயும் மண்ணு சரிஞ்சு கெடக்குது. மரத்தை அறுத்து முடிக்க நாலு மணி ஆவுமாம். முடிச்சதும் கோர்ட்டுக்குக் கொண்டு போயிருவாங்களாம். கீழ போன ஆளு எப்ப மேல வரும்னு யாருங்க கண்டா? எங்க மாடு அவரு கைக்குத்தான் பால் வுடும். ரெண்டு நாளாக் கத்திக்கிட்டே நிக்குது."

எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் மரம் விழுந்தால் மலை மொத்தமும் மூடி போட்ட பாத்திரம்தான். மேலே இருக்கிறவன் கீழே போக முடியாது. கீழே போக வேண்டாத ஒருவனுக்கு அந்த மரம்தான் இப்போதைக்குக் காவல். மணி பதினொன்றரை.

புல்வெளியைப் பார்த்ததும் முபஷிர் ஜீப்பின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மூன்று பக்கம் கிடுகிடு பள்ளம். நாலாவது பக்கம் ஜீப் வந்த ஒற்றைத் தடம். அதிலும் மேகம் இறங்கி வழியை மறைத்துவிட்டது. ஆடி மாதத்து மேற்குக் காற்று முதுகில் கை வைத்து, கிழக்குப் பக்கத்துப் பள்ளத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம் மேடம். நான் உள்ளே இருக்கேனே?"

"நீ அம்மி இல்லை முபா, ஆட்டுக்கல். வா."

தகரக் கொட்டகைக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். சுமித்ரா நாற்பது வயதுக்காரி. பேசும்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவள். மற்றவர் நந்தகுமார், பயிற்சியாளர். ஒடிசலான உடம்பு, இடுப்பில் கயிறு அறுக்கும் வளைந்த சின்னக் கத்தி, இரண்டு கையிலும் கறுப்புக் கையுறை. பட்டம் விடுகிறவர்கள் கயிறு அறுக்காமல் இருக்கப் போட்டுக்கொள்வது. அவர் வணக்கம் சொன்னாரே தவிர, கை கொடுக்கவில்லை.

"சனிக்கிழமை முப்பது பேர் ஓட்டிப் பார்க்க வர்றாங்க. எனக்கு இது சீக்கிரம் முடியணும். அந்த ஆள் பழம் அறுக்கிறேன்னு பத்து நிமிஷம் இங்கே தனியா இருந்தான். தலைக்கு மேல ஆணியில பட்டத்தை மாட்டற இடுப்புப் பட்டை தொங்கிச்சு. வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள் சுமித்ரா.

"பட்டை வேணும்" என்றாள் ஜெசிந்தா.

கொட்டகையின் உள்ளறையைச் சுமித்ரா நேற்றே பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்திருந்தாள். திறந்து, பிலால் கட்டியிருந்த இடுப்புப் பட்டையை எடுத்து வந்தாள். அகலமான பட்டை. முன்னால் இரும்புக் கொக்கி, கொக்கிக்குப் பக்கத்தில் சிவப்பு உருண்டை.

"நந்தகுமார், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுச் சொல்லுங்க."

"பட்டத்தோட கயிறெல்லாம் இந்தக் கொக்கியில வந்து மாட்டுமுங்க. கையில புடிக்கிற பார், திருப்பறதுக்கு மட்டும். கையை விட்டாலும் பட்டம் இடுப்பை விடாது. ஆபத்துன்னா சிவப்பை இழுக்கணும். உள்ள இருக்கிற ஊசி கழண்டு, கொக்கி திறந்து, பட்டம் தனியாப் போயிரும். அது ஒண்ணுதான் வழி."

"அந்த ஒரு வழியையும் யாரோ அடைச்சிருக்காங்க."

ஊசி இருந்த துளையில் பிசின் காய்ந்து ரப்பராக இறுகியிருந்தது. நந்தகுமார் அதைப் பார்க்கவில்லை. வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிலால் உங்க சிஷ்யனா?"

"ஆமாங்க. ஆறு மாசத்துல கத்துக்கிட்டான்."

"இப்போ இந்த மலைக்கு அவன்தான் தலைமைப் பயிற்சியாளர். போன வாரம் அறிவிச்சேன்" என்று சுமித்ரா குறுக்கே சொன்னாள். சொன்ன வேகத்தில் அது யாரைக் குத்தும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் முபஷிர் மெல்லக் கேட்டான். "இப்ப என்ன மேடம் தேடறோம்?"

"பிரேக் பிடிக்காத லாரியைப் பார்த்தா, யார் கெடுத்தான்னு நான் கேக்க மாட்டேன். கெடுத்தவன் கையை எங்கே துடைச்சான்னு தேடுவேன்."

தேடியது கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக் குழாயடியில் கிடைத்தது. ஒரு சோப்புக்கட்டி. புதுச் சோப்புதான். ஆனால் நாலு விரல் இழுத்த பள்ளம் அதில் ஆழமாக விழுந்திருந்தது. பள்ளம் முழுக்கக் கறுத்த பிசின், பிசினில் புல் தூசி.

"யாரோ ரொம்ப நேரம் தேய்ச்சிருக்காங்க" என்றாள் ஜெசிந்தா.

"பாவம் மேடம், என்னை மாதிரியே ஒரு ஜீவன்" என்றவன் பாதியில் நின்றான். காலையில் தன் கை இருந்த கோலம் நினைவுக்கு வந்தது. "மேடம்! இது மலைக்காரன் கை இல்லை!"

"ஏன்?"

"மலைக்காரன் சோப்பைத் தொடவே மாட்டான். எண்ணெயைத் தேடுவான். கொட்டகை அலமாரியில வேல்முருகன் வெச்சுட்டுப் போன எண்ணெய்ப் புட்டி அப்படியே இருக்கு, நான் பார்த்தேன். பத்தடி தூரத்துல எண்ணெய் இருக்கும்போது இங்க வந்து சோப்பைச் சுரண்டினவன், பலாவைப் பத்தி ஒண்ணுமே தெரியாத கீழ்நாட்டு ஆள்!"

"உன் தீனி முதல் தடவையா நமக்குச் சம்பாதிச்சுக் கொடுத்திருக்கு."

முபஷிர் நெஞ்சை நிமிர்த்தினான். காற்று அடித்ததும் தாழ்த்திக்கொண்டான்.

மத்தியானம் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாதம். சுமித்ரா கையால் பிசைந்து சாப்பிட்டாள், நகம்கூடப் பளிச்சென்று இருந்தது. நந்தகுமார் கையுறையோடு ஸ்பூனில் சாப்பிட்டார். "கை குளிருதுங்க" என்றார். யாரும் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொன்னதை முபஷிர் கவனித்தான். குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும்?

"மேடம், கையுறையைக் கழட்டச் சொல்லுங்க, கதை முடிஞ்சுது" என்று காதோரம் சொன்னான்.

"கழட்ட மாட்டேம்பார். இழுத்துக் கழட்டினாலும், பழத்தை நானும் தொட்டேன்னு ஒரு வார்த்தையில தப்பிச்சுப் போயிடுவார். ஸ்பூனையும் சோப்பையும் வெச்சு இன்ஸ்பெக்டர்கிட்டப் போனா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுவாங்க." அவள் குரலை உயர்த்தினாள். "சுமித்ரா, உங்ககிட்ட மொத்தம் எத்தனை பட்டை?"

"ரெண்டு. ஒண்ணு இது. இன்னொண்ணு உள்ளே ஆணியில இருக்கு."

"அன்னிக்கு பிலால் எதை எடுப்பான்னு முன்னாடியே தெரியுமா?"

"எது கையில வருதோ அதைக் கட்டிப்பான்."

நந்தகுமாரின் ஸ்பூன் தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. நின்றது ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடி ஜெசிந்தாவுக்குப் போதும். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. தோளில் இரண்டாவது பட்டை தொங்கியது.

"நேத்து நடந்ததை அப்படியே ஒரு தடவை நடத்திப் பார்க்கணும். இந்தப் பட்டையைக் கட்டிக்கிட்டு முபஷிர் வண்டியில உட்காருவான்."

"யாரு?" என்றான் முபஷிர்.

"வேண்டாமுங்க" என்றார் நந்தகுமார். "காத்து சரியில்லை."

"காலையிலயிருந்து இதே காத்துதானே நந்து?" என்றாள் சுமித்ரா. "இருக்கிறதுலயே சின்னது, ரெண்டு மீட்டர் பட்டம் போதும். சாமானெல்லாம் நல்லா இருக்குன்னு தெரிஞ்சா எனக்கும் நல்லது."

"அப்படின்னா நான் உக்கார்றேன். பழக்கமில்லாத ஆளு எதுக்கு?"

"பழக்கமில்லாத ஆள்தான் வேணும்" என்றாள் ஜெசிந்தா. "ஏன், பட்டையில ஏதாவது கோளாறா?"

நந்தகுமார் அவளைப் பார்த்தார். பிறகு சுமித்ராவைப் பார்த்தார். உதடு திறந்தது. "இல்லீங்க" என்று சொல்லி மூடிக்கொண்டது.

மணி மூன்று. பாறை மேல் ஏறினால்தான் போனுக்கு சிக்னல். ஏறி வந்த அம்சவேணி வெளிறிப்போய் நின்றாள். "மரத்தை அறுத்து முடிச்சுட்டாங்களாம் மேடம். போலீஸ் ஜீப்பு கெளம்பப் போவுதாம். அவரை வண்டியில ஏத்தச் சொல்லிட்டாங்களாம்."

"அரை மணி நேரம் கொடும்மா. மாடு கட்டற கயிறு ஏதாவது இருக்கா, நீளமா?"

முபஷிரை வண்டியில் திணித்தார்கள். திணிப்பு என்பதுதான் சரியான வார்த்தை. மூன்று சக்கரம், நடுவில் தொட்டில் மாதிரி ஒரு துணி, முன் சக்கரத்தை மிதித்துத் திருப்ப இரண்டு மிதி. இடுப்பில் பட்டை இறுகியது, இரண்டு கால்களும் நீட்டியபடி மாட்டிக்கொண்டன. முன்னால் புல், அதற்கு முன்னால் பாறை, அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வேல்முருகன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதும் இப்படித்தானே என்று தோன்றியது அவனுக்கு. கட்டியவர்கள் நிம்மதியாக நிற்கிறார்கள், கட்டுப்பட்டவனுக்குத்தான் தெரிகிறது.

"பட்டம் தலைக்கு மேலே நின்னா சாது. பக்கவாட்டுல இறங்கினா ஆனை" என்று சொல்லிக் கொடுத்தாள் சுமித்ரா. "பாரை லேசாத் திருப்புங்க. பயமா இருந்தா சிவப்பை இழுங்க."

"பயம் காலையிலயிருந்தே இருக்கு. இப்பவே இழுக்கட்டுமா?"

சுமித்ரா ஓடிப்போய்ப் பட்டத்தைத் தூக்கிவிட்டாள். படபடவென்று துணி உதறி, ஒரு சிவப்புப் பிறை மேகத்துக்குள் எழுந்து தலைக்கு மேல் நின்றது. முபஷிர் பாரைத் திருப்பினான். பட்டம் சாய்ந்தது. வண்டி நகர்ந்தது.

முதல் ஐந்து விநாடி அவன் வாழ்நாளில் மறக்காத சந்தோஷம். யாரும் தள்ளவில்லை, எஞ்சின் இல்லை. தொண்ணூற்றாறு கிலோவையும் காற்று இடுப்பைப் பிடித்து, ஒரு சின்னப் பிள்ளையைப் போல் கூட்டிக்கொண்டு ஓடியது. புல் சக்கரத்தில் உரசிச் சீறியது. "மேடம்! நான் ஓடறேன்!" என்று கத்தினான். பள்ளிக்கூடம் விட்டபின் அவன் ஓடியதே இல்லை.

ஆறாவது விநாடியில் பெருங்காற்று வந்தது. பட்டம் பக்கவாட்டில் சரிந்து விழுந்து இழுத்தது. ஆனைதான். முபஷிர் பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சிவப்பு உருண்டை என்று ஒன்று இருப்பதே அந்தக் கணத்தில் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் கேட்டது. அடிவயிற்றிலிருந்து வந்த கூச்சல், நந்தகுமாருடையது.

"சிவப்பை நம்பாதீங்க! அது கழலாது! காலை எடுத்துட்டுக் கீழ உருளுங்க! சிவப்பு கழலாதுங்க!"

முபஷிர் அனிச்சையாக உருண்டையைப் பிடித்து இழுத்தான். கழலவில்லை. மறுபடி இழுத்தான். ஊசி உடும்பாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த விநாடியில் வண்டி எதிலோ மாட்டியது மாதிரி வெடுக்கென்று நின்றது. அம்சவேணியின் மாட்டுக் கயிறு! பின் அச்சில் கட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றி, ஜெசிந்தா புல்லுக்குள் மறைத்து வைத்திருந்தாள். வண்டி நின்றது. முபஷிர் நிற்கவில்லை. பட்டம் மாட்டியிருந்தது அவன் இடுப்பில்தானே, வண்டியில் இல்லையே! தொட்டிலிலிருந்து உருவப்பட்டு, ஈரப் புல்லில் வயிற்றால் வழுக்கிக்கொண்டு பாறையை நோக்கிப் போனான்.

ஜெசிந்தா அலறியது கேட்டது. அவள் அலறி அவன் கேட்டதே இல்லை. அதுதான் அவனை நிஜமாகப் பயமுறுத்தியது. யா அல்லாஹ், இந்த அம்மாவுக்கே தெரியாமல் நடக்கிறதா இது?

பாறை இருபதடி. பதினைந்தடி. குறுக்கே ஒரு உருவம் பாய்ந்து அவன் கால்களின் மேல் விழுந்தது. நந்தகுமார். மேலேறி வந்து, ஒரு கையால் பட்டையைப் பற்றி, மறு கையால் வளைந்த கத்தியைக் கயிற்றில் கொடுத்து இழுத்தார். 'டப்' என்று ஒரு சத்தம். இழுப்பு போயிற்று. சிவப்புப் பிறை துவண்டு சுருண்டு, பள்ளத்து மேகத்துக்குள் மறைந்தது.

முபஷிர் வாயிலிருந்து புல்லைத் துப்பினான்.

ஜெசிந்தா ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். "வண்டியைக் கட்டினேன் முபா. ஆளைக் கட்டணும்னு தோணலை. நான் ஒரு முட்டாள். மன்னிச்சுக்கோ."

"எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா..."

"உன் முகம் சொல்லிக் கொடுத்திருக்கும். அவர் நீ பயப்படறதை நம்பணும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குரல் பழையபடி ஆயிற்று. "நந்தகுமார், இவன் சிவப்பைத் தொடறதுக்கு முன்னாடியே கழலாதுன்னு கத்தினீங்க. நேத்துலயிருந்து பூட்டின அறைக்குள்ள இருந்த பட்டை. எப்படித் தெரியும்?"

சுமித்ரா பின்னால் வந்து நின்றாள். "நந்து...?"

முபஷிர் எழுந்து உட்கார்ந்தான். உடம்பெல்லாம் எரிந்தது. என்ன இருந்தாலும் உயிரைக் காப்பாற்றியவர். மனதார வலது கையை நீட்டினான். "கை குடுங்க சார். அந்தக் கையுறையைக் கழட்டிட்டு."

நந்தகுமார் கையுறையைப் பற்றி இழுத்தார். மணிக்கட்டு வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. இன்னும் இழுத்தபோது வலியில் முகம் கோணியது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"வரமாட்டேங்குதுங்க. கறை தெரியக்கூடாதுன்னு மாட்டினேன், உள்ள ஒட்டிக்கிச்சு. நேத்துலயிருந்து கழட்ட முடியலை." அழுகையை விழுங்கப் பார்த்தார், முடியவில்லை. "பன்னெண்டு வருஷம் நான் கத்துக் குடுத்த தொழில். அவன் எல்லார் முன்னாலயும் கொஞ்ச தூரம் இழுபட்டு, சட்டையெல்லாம் மண்ணாகி எழுந்திருப்பான், நாலு பேரு சிரிப்பாங்கன்னுதான் நினைச்சேன். அறுத்த பழத்துத் தண்டுல பால் ஊறிக்கிட்டு இருந்துச்சு. எந்தப் பட்டையை எடுப்பான்னு தெரியாததால ரெண்டுலயும் வெச்சேன். இடுப்பு முறியும்னு நினைக்கலீங்க. சத்தியமா நினைக்கலை. வேல்முருகன் பேரை நான் சொல்லவே இல்லை."

"அவர் இல்லைன்னும் சொல்லலை" என்றாள் ஜெசிந்தா.

அவர் தலை கவிழ்ந்தது.

"சுமித்ரா, பாறை மேல ஏறி இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுங்க. ஜீப் மலையை விட்டு இறங்கக் கூடாது. நீங்க கேட்டதை நீங்களே சொல்லுங்க. வேல்முருகன் பேரைச் சொன்ன வாய்தானே?"

சுமித்ரா கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஓடினாள். மூன்று நாற்பது.

யாரும் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகுதான் நடந்தது. அம்சவேணி நந்தகுமாருக்கு எதிரில் வந்து நின்றாள். அடிப்பாள் என்றுதான் முபஷிர் நினைத்தான், தடுப்பதா வேண்டாமா என்றுகூட யோசித்தான். அவள் பையைத் திறந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்து, கையுறைக்குள் எண்ணெயை ஊற்றி, வெளியிலிருந்தே விரல் விரலாக உருவிவிட்டாள்.

"இழுக்காதீங்க. இழுத்தா தோலு போயிரும். ஊறட்டும்."

கையுறை மெல்லக் கழன்று வந்தது. உள்ளே கறுத்து, ரணமாகிக் கிடந்த விரல்கள். அவள் இரண்டாவது கையை எடுத்தாள். அவர் தேம்பித் தேம்பி அழுதார். அவள் அழவில்லை.

"எங்கூட்டுக்காரரைக் கேட்டிருந்தா இதையுந்தானே சொல்லிக் குடுத்திருப்பாரு" என்றாள்.

பாறை மேலிருந்து சுமித்ரா கையை ஆட்டினாள். "நிறுத்திட்டாங்க! ஜீப்பை இங்கே திருப்பறாங்களாம்! அவரையும் கூட்டிட்டு வர்றாங்க!"

முபஷிர் பெருமூச்சு விட்டான். தன் இடுப்பில் இன்னும் பட்டை இறுகிக் கிடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "மேடம், எல்லாரையும் விடுதலை பண்ணியாச்சு. என்னையும் கொஞ்சம் அவுத்து விடறீங்களா?"

ஜெசிந்தா குனிந்து அவிழ்க்கத் தொடங்கினாள். அம்சவேணி மரத்தடிக்குப் போய், முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கயிறு எதுக்கும்மா இப்போ?" என்று கேட்டான் முபஷிர்.

"அவரு வந்தாப் பொழுதோட பால் கறக்கோணுமுங்க சாமி. மாட்டைக் கட்ட வேண்டாமா?"